கேட்டால் சொல்லிவிடுவார்

அவரிடம் எதையும் கேட்டுவிடக் கூடாது, கேட்டால் சொல்லிவிடுவார். கோலசிலாங்கூரில் அந்தக் கல்லூரியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, வாசலில் காவல் இருந்த ஜாகா இதை என் காதில் போட்டு வைத்தார். என்ன பெரிய ஆபத்து என்று நினைத்தேன். அந்த மாதமே பட்டுவிட்டேன். புது வீடு புகுந்த கையோடு கூட வேலை செய்கிறவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். எல்லோரும் பாயசத்தைக் குடித்துவிட்டு ஆகா ஓகோ என்றார்கள். வாய் சும்மா இருக்கிறதா எனக்கு? அவரிடம் போய், பாயசம் எப்படி மிஸ் என்று கேட்டேன். அடிப்பிடித்துவிட்டது, ஏலக்காயை அள்ளிப் போட்டு மறைத்திருக்கிறீர்கள் என்றார். குரலில் குத்தல் இல்லை, இளக்காரம் இல்லை. வெளியே மழை தூறுகிறது என்பதுபோல் சொல்லிவிட்டு, மிச்சப் பாயசத்தையும் வழித்துக் குடித்தார். என் மாமியாருக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப் போய்விட்டது. எனக்குத்தான் மனது ஆறப் பல நாள் ஆனது.

கல்லூரியில் எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’. முதல்வருக்கும் மிஸ், ஜாகாவுக்கும் மிஸ். இங்கேயும் பெயர் வேண்டாம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குள்ளமான உருவம், ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, அட்டை ஏறாமலிருக்கக் காலுறைக்குள் திணித்த கால்சட்டை. நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார், வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வளர்த்து வைத்திருப்பார். மரப்பட்டையைச் சுரண்டிப் பார்க்க அது வேண்டுமாம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்து கணக்கு எழுதியவர். நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பேத்தி. கிராணி வீட்டுப் பெண்கள் கூலியாட்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் வந்தால் கால் தரையில் பாவாது என்று அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள். இந்தக் கிராணி பேத்தி என்னடாவென்றால் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, இறங்குங்க, சேறு கடிக்காது என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அவர் பாடம் காட்டுச் சூழலியல், என்னுடையது வேதியியல். மாணவர்களை வெளியே அழைத்துப் போனால் ஆசிரியர் இரண்டு பேர் போக வேண்டும் என்பது கல்லூரி விதி. அந்த இரண்டாவது ஆளாக எப்போதும் என் தலையைத்தான் உருட்டினார்கள். கொசு என்றால் எனக்கு ஆகாது, அட்டையைக் கண்டால் அலறுவேன். ஆனாலும் என் தலையெழுத்து, மாதம் ஒரு சனிக்கிழமை காலை வேனில் ஏறி உட்காருவேன்.

புக்கிட் பெலிம்பிங் தாண்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்று. அதன் கடைசியில், லயத்து வீடுகளுக்குப் பின்னால், ஆற்றங்கரையை ஒட்டி ஒரு துண்டுக் காடு மிச்சம் இருந்தது. செம்பனை நட லாயக்கில்லாத சதுப்பு என்று விட்டுவைத்திருந்தார்கள். அங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு மரம். வருடம் முழுக்க அந்த ஒரு மரம்தான் புத்தகம். நெஞ்சுயரத்தில் நாடா வைத்துச் சுற்றளவு எடுக்க வேண்டும், பட்டையைத் தடவி முகர்ந்து பார்க்க வேண்டும், எந்தக் கொடி எந்தக் கிளையைப் பிடித்து ஏறுகிறது, எறும்பு எந்த வழியாக மேலே போகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். முதல் நாள் மரத்தைக் காட்டவே மாட்டார். கண்ணைத் துணியால் கட்டி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மரத்தின் மேல் வைத்துவிடுவார். தடவி முடித்ததும் சுற்றிச் சுற்றி அழைத்து வந்து கட்டை அவிழ்த்து, இப்போது உன் மரத்தைக் கண்டுபிடி என்பார். கண்டுபிடித்தார்களே, அதுதான் ஆச்சரியம். ஒருமுறை எனக்கும் கண்ணைக் கட்டினார். என் மரத்தில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து இருந்தது. அதை வைத்து நானும் கண்டுபிடித்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் அதைப் போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

தொட்டுப் பார்க்காமல் வாயைத் திறப்பது அவருக்குப் பிடிக்காது. ஒரு வறட்சி மாதத்தில் ஒரு பையன் தன் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “மிஸ், இது செத்துப் போச்சு லா” என்றான். அவர் ஒரு கிளையை வளைத்து நகத்தால் கீறினார். உள்ளே பச்சை.

“எல இல்லேன்னா செத்துட்டுதா? ஒங்க தாத்தாவுக்குத் தலையில முடி இருக்கா?” என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, நகக்கண் அளவு பச்சை இருந்தாலும் அது உயிர்தான், கீறிப் பார்க்காமல் இனி யாரும் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்றார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அவர் கூசியதில்லை. ஒருமுறை முதல்வரும் சில பெரிய மனிதர்களும் பார்வையிட வந்தார்கள். ஆற்றோரத்தில் பெரிய மரம் ஒன்றைக் காட்டி, இதற்கு நூறு வயது இருக்குமா என்று ஒருவர் கேட்டார். இருக்கும் என்று தலையாட்டினால் எல்லோருக்கும் சந்தோஷம். இவர் தெரியாது என்றார். வெட்டி வளையத்தை எண்ணிப் பார்த்தால் தெரியாதா என்று அந்த ஆள் விடவில்லை. வளையம் எண்ணுவதெல்லாம் பனி பெய்கிற நாட்டு மரங்களில் நடக்கும், வருடம் முழுக்க வெயிலும் மழையும் பார்க்கிற நம் மரங்கள் பல அப்படிக் கணக்குச் சொல்லாது, ஆகவே தெரியாது என்று முடித்தார். முதல்வரின் முகத்தை அன்றைக்குப் பார்க்கவேண்டுமே. திரும்பும்போது, ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்தால் என்ன மிஸ் என்று நான் கேட்டேன். கேட்டாரே, அதற்கு என்ன செய்வது என்றார்.

அந்த லயத்தில் அப்போது சில குடும்பங்கள்தான் மிச்சம். முதல் வீட்டில் அஞ்சலை அக்கா. புருஷன் இல்லை, ஒரு மகன், ஒரு மகள். செம்பனைக் குலை வெட்டும்போது சிதறுகிற உதிரிப்பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டும் வேலை அவருக்கு. நாங்கள் காட்டிலிருந்து சேறும் சகதியுமாக வெளியே வந்தால், பால் கலக்காத தே ஓ ஒரு பெரிய ஜாடி நிறைய வாசலில் இருக்கும். காசை நீட்டினால் கோபம் வரும். மிஸ்ஸிடம் அவருக்குத் தனி மரியாதை. டீச்சர் சொன்னால் அதற்கு மேல் கிடையாது என்பார். மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம், காய்ச்சலுக்கு எந்த மருந்து, எல்லாம் மிஸ்ஸைக் கேட்டுத்தான்.

மகன் செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, விடுமுறைக்கு வீட்டுக்கு வருவான். பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் பாதி லீவு போய்விடுகிறது என்று அவன் புலம்பப் புலம்ப, அஞ்சலை அக்கா பாடுபட்டு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ஒரு மழை நாளில் அவன் அதில் வரும்போது லோரி இடித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். இந்தச் செய்தி எங்களுக்கு அப்போது தெரியாது. பரீட்சை சமயம், ஒரு மாதத்துக்கு மேல் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

போனபோது லயத்துக்குப் பின்னால் பாதையோரம் நின்ற புலாய் மரத்தடியில் ஒரு கோயிலே முளைத்திருந்தது. ஊரில் ஏழிலைப்பாலை என்பார்களே, அந்த மரம். அடியில் மூன்று கற்களுக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் குத்திய சூலம் நட்டு, வேர்ப் புடைப்புகளுக்கு இடையில் வரிசையாக அகல் விளக்கு. கற்பூரக் கரி. தண்டில் நெஞ்சுயரத்தில் ஒரு மஞ்சள் துணி. கம்பம் என்று நாங்கள் சொல்லும் பக்கத்துக் கிராமத்திலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். ஒருவர் மரத்தின் பட்டையை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், லாட்டரிக்கு நம்பர் தெரிகிறதா என்று. மனிதன் இருக்கானே, சாமி வந்த மறுநாளே அதனிடம் டுயிட் கொடு, காசு கொடு என்பான்.

மிஸ் அந்த மஞ்சள் துணியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அதைக் கட்டியது அவர்தான். அதுவரை பிளாஸ்டிக் நாடாதான் கட்டுவார், போன மாதம் அளந்த அதே இடத்தில் இந்த மாதமும் அளப்பதற்காக. ஒரு குரங்குக் குட்டி அதைத் தின்று தொண்டை அடைத்துச் செத்துக் கிடந்ததைப் பார்த்த பிறகு துணிக்கு மாறினார். காட்டு நிழலில் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று மஞ்சள் வாங்கினார். பரீட்சை தொடங்குமுன், அடுத்த வகுப்புக்கு மரம் தேர்ந்தெடுக்க ஒரு நாள் தனியாக வந்து, முதல் மரத்தில் கட்டியதுமே மழை பிடித்துக்கொள்ள, திரும்பிவிட்டார். அதே மழையில்தான் அந்தப் பையன் விழுந்தான். மறுநாள் விடியலில் ஆஸ்பத்திரிக்கு ஓடிய அஞ்சலை அக்கா, முந்தின நாள் வரை ஒன்றுமில்லாத மரத்தில் மஞ்சள் துணியைப் பார்த்தார். எங்கள் சனத்துக்கு மரத்தில் மஞ்சள் துணி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிஸ் வீட்டில் பிள்ளையார் கோயிலோடு சரி, மரத்தில் துணி கட்டிக் கும்பிடும் வழக்கமில்லை. அவருக்கு மஞ்சள் என்றால் கண்ணுக்குத் தெரிகிற நிறம், அவ்வளவுதான்.

அவர் மரத்தடியில் குந்தி, விளக்கு வைத்த பக்கம் நகத்தால் கீறினார். புலாய் பால் வடிகிற மரம். அந்தப் பக்கம் பால் வரவில்லை, பட்டை உள்ளே காய்ந்து பழுப்பாக இருந்தது. சுற்றிவந்து மறுபக்கம் கீறினார், வெள்ளையாகக் கசிந்தது. சூடு ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டது, இப்படியே சுற்றி வந்தால் மரம் நிற்காது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், அது போதும், வேறு எதுவும் பேசாதீர்கள் என்றேன் நான். அவருக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அஞ்சலை அக்கா ஜாடியோடு வந்தார். பாதி உடம்பாகியிருந்தார். மகனுக்கு நடந்ததை அப்போதுதான் சொன்னார். விளக்கு வைத்த மூன்றாம் நாள் விரல் அசைந்ததாம், போன வாரம் கண்ணைத் திறந்து பார்த்தானாம். டாக்டர்மார் ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்களாம். விளக்கைத் தள்ளி வைக்கச் சொன்னதும் உடனே ஒப்புக்கொண்டார், டீச்சர் சொன்னால் அதற்கு மேல் கிடையாது. நான் மூச்சு விட்டேன். போகலாம் என்று திரும்பினோம். அப்போதுதான் அந்த அக்கா துணியைக் காட்டினார்.

“இத யாரு கட்டுனாங்கன்னே தெரியல டீச்சர். அவன் விழுந்த அன்னிக்கே வந்திருக்குது. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க, இதுல சாமி இருக்காருதானே?”

நான் மிஸ்ஸின் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினேன். உண்மையாகவே கிள்ளினேன்.

“நான்தான் கட்டினேன், அக்கா. மரத்தை அளக்கிறதுக்கு” என்றார்.

அஞ்சலை அக்கா துணியைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார். “அப்படியா டீச்சர்” என்றார். சண்டை போடவில்லை, அழவில்லை. எங்களுக்கெல்லாம் தே ஓ ஊற்றிக் கொடுத்துவிட்டு, குனிந்து அகல் விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

வேனில் நான் பொரிந்து தள்ளிவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும், ஒரு தாய்க்கு அந்தத் துணியாவது இருந்துவிட்டுப் போகட்டுமே, உங்கள் உண்மையைக் கொண்டுபோய் உப்பில் போடுங்கள் என்றெல்லாம் பேசினேன். அவர் சன்னல் பக்கம் திரும்பியிருந்தார். டீச்சர் சொன்னால் நம்புகிற ஆளிடம் எப்படிப் பொய் சொல்வது என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் அந்தப் பையன் இறந்துபோனான்.

சாவு வீட்டுக்குப் போக வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். மிஸ் கேட்கவில்லை, தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். லயத்து வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே அஞ்சலை அக்கா மகனின் கால்மாட்டில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார். ஒரே வார்த்தைதான். நான்தானே வாங்கிக் கொடுத்தேன், அந்த மோட்டாரை நான்தானே வாங்கிக் கொடுத்தேன். முந்தின நாளிலிருந்து பச்சைத்தண்ணீர் இறங்கவில்லை என்று மகள் அழுதாள். தம்ளரைப் பக்கத்தில் கொண்டுபோனால் தட்டிவிட்டார். இப்படியே போனால் இன்னொரு பாடையும் கட்ட வேண்டியதுதான் என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள்.

மிஸ்ஸைப் பார்த்ததும் அந்த அடி நின்றது.

“டீச்சர், நா வெளக்க எடுக்காம இருந்திருந்தா எம் புள்ள இருந்திருப்பானா?”

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை அக்கா என்பார். அதுதான் உண்மை. அங்கே இருந்த யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவரோ அஞ்சலை அக்காவின் சிவந்து கன்றிப்போன நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஓம், அக்கா. இருந்திருப்பான். நான் சொன்னதுதான் பிழை” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அஞ்சலை அக்கா எழுந்தார். அந்த அம்மாவின் வாயிலிருந்து அப்படிப்பட்ட சொற்கள் வரும் என்று யாரும் நினைத்ததில்லை. பாவி என்றார், சண்டாளி என்றார், கிராணி வீட்டுப் புத்தி எங்கே போகும், என் பிள்ளையைத் தின்னத்தான் காட்டுக்குள் வந்தியா, உனக்குக் கொள்ளி போட நாதியில்லாமல் போக என்று மண்ணை வாரித் தூற்றினார். மண் மிஸ்ஸின் சட்டையிலும் தலையிலும் விழுந்தது. அவர் தட்டிக்கூட விடவில்லை, தலையைக் குனிந்து நின்றார். திட்டித் திட்டித் தொண்டை கட்டிப்போன பிறகு, அஞ்சலை அக்கா மகள் கையிலிருந்த தம்ளரை வாங்கித் தண்ணீரை மடமடவென்று குடித்தார். குடித்துவிட்டு மறுபடி திட்டினார்.

காரில் நான் ஒன்றும் கேட்கவில்லை, அழுதுகொண்டு வந்தேன். அவரே சொன்னார்.

“அந்த மோட்டார நெனச்சுக்கிட்டே இருந்தாங்கன்னா செத்துப் போயிருவாங்க. என்னைய நெனச்சா இருந்துருவாங்க.” அப்புறம், “நீங்க எதையும் மாத்திச் சொல்லப் போகாதீங்க, என்ன?” என்றார்.

சரி என்றேன். அதற்குப் பிறகு அந்தக் காட்டுக்கு எங்களை யாரும் விடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்பாங் பெச்சா பக்கம் வேறொரு மலைச்சரிவில் வகுப்பு நடந்தது. மரங்கள் இருந்தன, நாடா இருந்தது, பிள்ளைகளின் கண்ணைக் கட்டி அழைத்துப் போவதும் இருந்தது. ஒன்றுதான் இல்லை. ஒரு மாணவி வாடிய கன்று ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, இது பிழைக்குமா மிஸ் என்று கேட்டாள். கீறிப் பார்க்காமலே, பிழைக்கும் அம்மா என்றார் அவர். அந்தப் பெண் மகிழ்ச்சியாகப் போனாள். அந்த ஒரு பொய் எங்கள் மிஸ்ஸை எவ்வளவு தின்றிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்தப் பொய்க்காக அவரை மெச்சுவதா, அந்தப் பொய்யைச் சபிப்பதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அஞ்சலை அக்காவை அவ்வப்போது கோலசிலாங்கூர்ச் சந்தையில் பார்ப்பேன். மீன் வாங்கிக்கொண்டே திட்டுவார். உங்கள் கூட்டாளி எப்படி இருக்கிறாள், என் வயிற்றெரிச்சல் அவளைச் சும்மா விடாது என்பார். மகளைக் கட்டிக்கொடுத்தார், பேரன் பிறந்தான், உடம்பும் கொஞ்சம் தேறியது. நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். உண்மை நாக்கு நுனிவரை வந்து நிற்கும், விழுங்கிவிடுவேன்.

போன வருடம் மிஸ் படுத்துவிட்டார். வயிற்றில் கட்டி, கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. கடைசியாகப் பார்க்கப் போனபோது குரல் அடங்கிப் போயிருந்தது, குனிந்து கேட்க வேண்டியிருந்தது. அந்த அக்கா இன்னும் திட்டுகிறார்களா என்று கேட்டார். நன்றாகத் திட்டுகிறார்கள் மிஸ் என்றேன். சாப்பிடுகிறார்களா என்றார். போன வாரம்கூடப் பெரிய மீனாகப் பார்த்து வாங்கினார்கள் என்றேன். தலையை அசைத்துக்கொண்டார். அந்த முகத்தில் இருந்தது நிம்மதிதான். இரண்டு நாளில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நானே அஞ்சலை அக்காவைத் தேடிப் போனேன். இப்போது டவுனில் மகளோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பேரனை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். மிஸ் இறந்துவிட்டார் என்றேன், வேறெதுவும் சொல்லவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று கையைத் தட்டுவார், அந்தச் சாபம் பலித்தது என்பார் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். அவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். பிள்ளை வாயைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு இறங்கி ஓடியது.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இனிமே நா யாரத் திட்டுவேன், டீச்சர்?”